பெயரில் மட்டும் கௌரவம்

கல்லூரியில் எனக்கு வரலாறு கற்பித்த ஆசிரியரைக் கடந்த கோடை விடுமுறையில் ஒரு துணிக்கடையில் கண்டேன். வாங்க வந்தவராக அல்ல, கணக்கெழுதுபவராக! "மே மாதம் எங்களுக்குச் சம்பளம் இல்லை, தம்பி. வயிற்றுக்கு விடுமுறை ஏது?" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். தலைகுனிந்தவன் நான்.

முனைவர் பட்டம் பெற்றவர் அவர். பன்னிரண்டு ஆண்டுகளாக அரசுக் கல்லூரியில் பாடம் நடத்துபவர். அவரது பதவியின் பெயர் என்ன தெரியுமா, தோழர்களே? கௌரவ விரிவுரையாளர்!

ஆங்கிலத்தில் இப்பதவியைக் 'கெஸ்ட் லெக்சரர்' என்பர். விருந்தினராக வந்து பாடம் சொல்பவர் என்பது பொருள். விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்பது நம் வீட்டுப் பழமொழி. பன்னிரண்டு ஆண்டுகள் வகுப்பெடுத்து, விடைத்தாள் திருத்தி, வருகைப் பதிவேட்டையும் சுமப்பவர் விருந்தினரா?

தமிழில் சூட்டிய பெயரோ இன்னும் விந்தை. வெள்ளையர் ஆட்சியில் கௌரவ மாஜிஸ்திரேட்டுகள் இருந்தனர். பிழைப்புக்கு வேறு வழியுடைய செல்வர்கள், ஊதியம் கருதாது ஏற்ற பதவி அது. செல்வர் அணிந்த அப்பட்டத்தை, ஊதியத்தையே நம்பி வாழும் ஏழைப் பட்டதாரியின் கழுத்தில் மாட்டினால் அது மாலையா, நுகத்தடியா?

கொடுக்க மனமில்லாதபோது பட்டம் கொடுப்பது பழைய தந்திரம். பெயரைக் கண்டு மயங்காமல் பொருளைத் தேடுவதுதானே பகுத்தறிவு?

பல்கலைக்கழக மானியக் குழு 2019-இல் இத்தகையோர்க்கு ஒரு வகுப்புக்கு 1,500 ரூபாய், மாதத்திற்கு 50,000 ரூபாய் வரை என்று வரையறுத்தது. தற்காலிகப் பணியாளராயினும் ஒத்த வேலைக்கு ஒத்த ஊதியம் உரியது என உச்ச நீதிமன்றம் 2016-இலேயே தீர்ப்பளித்தது. ஆகவே நாம் கேட்பது சலுகை அன்று; உரிமை.

பள்ளி திறந்ததும், எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி, "நானும் கல்லூரி ஆசிரியர் ஆவேன், ஐயா" என்றாள். அவள் தந்தை கல்லுடைக்கும் தொழிலாளி. "ஆவாய், அம்மா" என்றேன். அந்தச் சொல் பொய்யாகாமல் காப்பது என் கடமை, உங்கள் கடமையும்கூட.

அவளுக்கு நாளை கௌரவம் என்ற பெயர் வேண்டாம். பன்னிரண்டு மாதமும் ஊதியம் தரும் வேலை வேண்டும். கௌரவம் தானே வந்து சேரும்!