ரிஷபம் இல்லாத இடம்

நவீன ஓவியம் என்று ஒன்று இருப்பதே எனக்குச் சிறுபத்திரிகைகளின் வழியாகத்தான் தெரியவந்தது. ஆதிமூலத்தின் கோடுகளை முதலில் பார்த்தபோது எரிச்சல் வந்தது. பிறகு அவை என்னை விடவில்லை. அதற்கு முன் எனக்குத் தெரிந்த ஓவியமெல்லாம் டிராயிங் பீரியடில் போட்ட மாம்பழம், பூந்தொட்டி, இரண்டு மலைக்கு நடுவில் எழும் சூரியன். கண்ணுக்கெட்டிய தூரம் வயலும் வாய்க்காலுமாகக் கிடக்கும் ஊரில் உட்கார்ந்துகொண்டு வகுப்பு முழுக்க இரண்டு மலை வரைந்து பத்துக்கு ஏழு வாங்கினோம். ஜன்னலுக்கு வெளியே பார்க்கும்படி யாரும் சொல்லவில்லை.

அருங்காட்சியகமும் பள்ளிக்கூடமும் கைகோத்து இன்றைய கலையைக் கொண்டு பாடம் நடத்துவதுபற்றி இப்போது பேச்சு இருக்கிறது. 2012இல் தொடங்கிய கொச்சி பினாலே பள்ளிப் பிள்ளைகளுக்கென்று தனியே ஒரு திட்டம் வகுத்தது. சென்னையில் 2016இல் ஆரம்பித்த போட்டோ பினாலேக்காரர்களும் காமிராவோடு பள்ளிப் பிள்ளைகளிடம் போயிருக்கிறார்கள். தஞ்சாவூரில் இதைச் சொன்னால், "நமக்குத்தான் பெரிய கோயில் இருக்கே" என்கிறார் நண்பர். தஞ்சாவூர்க்காரர்களின் நிரந்தர பதில் இது.

அரண்மனைக்குள் இருக்கும் கலைக்கூடம் 1951இல் ஏற்பட்டது. தொ.மு. பாஸ்கரத் தொண்டைமானின் முனைப்பு அதில் பெரும் பங்கு. அதைப் பழமையைப் பாதுகாக்கும் இடம் என்றே சொல்லிவருகிறோம். எனக்கு அப்படிப் படவில்லை. கோயிலில் உற்சவ மூர்த்தியின் முகம் தெரியும்; மற்றதெல்லாம் பட்டும் மாலையும். இடுப்பின் வளைவு, முழங்காலின் மடிப்பு, முதுகு ஆகியவை ஜனங்களுக்குப் பார்க்கக் கிடைத்தது அருங்காட்சியகத்தில்தான். கும்பிடாமல் பார்ப்பது என்பதே புதிய காரியம். சென்னை மியூசியத்து நடராஜரைப் புகைப்படங்களில் பார்த்துவிட்டு ரோதான் எழுதியதும் இந்தப் பார்வையின் பலம்தான். அந்த வகையில் கலைக்கூடம் ஒரு நவீன ஸ்தாபனம். நாம்தான் அதை இன்னொரு பிராகாரமாக ஆக்கிவைத்திருக்கிறோம். அதே அரண்மனையில் நிற்கும் சரபோஜியின் சலவைக்கல் சிலையைச் செய்தவர் லண்டன் சிற்பி ஜான் ஃபிளாக்ஸ்மன். அரசரின் காலத்திலேயே வாழ்ந்தவர். அன்றைக்கு அது சமகாலக் கலை. அதற்குப் பிறகு சமகாலம் அங்கே அவ்வளவாக நுழையவில்லை.

திருவெண்காட்டு ரிஷபவாகனர் கி.பி. 1011ஆம் ஆண்டைச் சேர்ந்தவர். ஒரு காலை மற்றதன் குறுக்கே போட்டு, ஒரு கையை மடித்துச் சாய்ந்து நிற்கிறார். கை தங்கவேண்டிய ரிஷபம் இல்லை. ஒரு தடவை நான் அங்கே நின்றிருந்தபோது ஆறாவதோ ஏழாவதோ படிக்கும் பிள்ளைகள் வரிசையாக வந்தார்கள். ஒரு சிறுமி கேட்டாள்: "சார், இவரு எதுமேல சார் சாஞ்சிருக்காரு?"

"ராஜராஜன் காலம். எழுதிக்கோங்க" என்றார் வாத்தியார். எழுதிக்கொண்டார்கள். அவள் மட்டும் காலைக் குறுக்கே போட்டு, முழங்கையைக் காற்றில் ஊன்றிப் பார்த்தாள். தடுமாறிச் சிரித்தாள். வரிசை நகர்ந்துவிட்டது.

ரிஷபம் கிடைக்கவில்லை என்று சொல்லிவிடலாம். சொன்னால் கேள்வி அத்தோடு செத்துவிடும். இல்லாத ஒன்றின் கனத்தை அந்த உடம்பு எப்படி இன்னும் வைத்திருக்கிறது என்று அவள் முழங்கையால் கேட்டுவிட்டாள். இன்று செய்யப்பட்ட ஒரு சிற்பத்தின் முன்னால் வாத்தியாருக்குக் கைகொடுக்க வம்சமோ நூற்றாண்டோ நோட்ஸோ கிடையாது. அவரும் பிள்ளைகளோடு சேர்ந்து முழிக்கத்தான் வேண்டும். அப்படி முழித்துப் பழகியவர் ரிஷபவாகனரிடம் வந்தால் அந்தக் கேள்வியை இவ்வளவு சுலபமாகத் தாண்டிப் போகமாட்டார் என்று நினைக்கிறேன்.

சுமார் நாற்பது கிலோமீட்டரில் கும்பகோணம், அங்கே அரசு கவின்கலைக் கல்லூரி. ஸ்தபதி குடும்பத்தில் பிறந்து, உலோகத்தில் தனக்கென்று ஒரு நவீன மொழியைக் கண்டெடுத்த வித்யாசங்கர் ஸ்தபதி அதன் முதல்வராக இருந்தவர். பக்கத்திலேயே சுவாமிமலை, மெழுகில் உருச்செய்து, காவிரி வண்டலைப் பூசி, மெழுகை உருக்கி வெளியேற்றிவிட்டு அந்த வெற்றிடத்தில் உலோகத்தை ஊற்றுகிறார்கள். கல்லூரி மாணவர் ஒருவர் ஒரு மாதம் கலைக்கூடத்தில் உட்கார்ந்து, ரிஷபம் இருந்த காற்றில் தான் எதை வைப்பார் என்பதைப் பிள்ளைகள் எதிரில் களிமண்ணிலோ தகரத்திலோ முயன்று பார்க்கட்டும். அது ரிஷபமாகவே இருக்கவேண்டும் என்பதில்லை. சிலருக்குக் கோபம் வரும். வரட்டும்.

ஆனால் பிள்ளைகளைக் கூட்டிவருவது யார்? 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின்படி, ஆறு முதல் எட்டு வரை நூறு பிள்ளைகளுக்கு மேல் இருந்தால் கலைக்கு ஒரு பகுதிநேர ஆசிரியர். தமிழ்நாட்டில் 2012இல் ஓவியம், உடற்கல்வி, தொழிற்கல்வி எல்லாவற்றுக்குமாக 16,549 பேரை எடுத்தார்கள். மாதம் 5,000 ரூபாய், வாரத்துக்கு மூன்று அரை நாள். சம்பளம் பின்னால் சிறுகச் சிறுக ஏறியது. நிரந்தரம் கேட்டு அவர்கள் தெருவில் உட்கார்ந்ததும் நடந்தது. ஒரத்தநாட்டுப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து நாற்பது பிள்ளைகளைப் பஸ்ஸில் ஏற்றி, அரண்மனையைக் காட்டி, திரும்பக் கொண்டுபோய் விட ஒரு அரை நாள் போதாது. கருத்தரங்குகளில் அருங்காட்சியகத்துக்கு ஒரு நாற்காலி, கல்வித் துறைக்கு ஒரு நாற்காலி போடுகிறார்கள். அந்த அரைநாள் டிராயிங் வாத்தியாருக்கும் ஒன்றைப் போட்டு, பஸ் சார்ஜ் யார் கொடுப்பது என்பதிலிருந்து பேச்சை ஆரம்பிக்கலாம்.