ஒரு பெயரைத் தேடிக் காயல் வரை

உங்கள் வாப்பாவின் வாப்பா பெயரைக் கேட்டால் உடனே சொல்லிவிடுவீர்கள். உம்மாவின் உம்மாவைப் பெற்றெடுத்தவர் பெயர் என்ன? எங்கள் வீட்டில் எவருக்கும் தெரியவில்லை. எண்பது வயதைக் கடந்த என் மாமியார், தம் தாயைப் பெற்ற பாட்டியாரை 'ஊரும்மா' என்றே அழைத்துப் பழகியவர். "எல்லோர் பெயரையும் சொல்லித் துஆ கேட்கிறேன். அவர்கள் பெயர் மட்டும் தெரியவில்லையே" என்று அவர் வருந்துவதைப் பொறுக்காத என் துணைவியார், ஷவ்வால் மாத மதரஸா விடுமுறையில் ஐந்து நாட்களை இதற்கென ஒதுக்கிவிட்டார். மைத்துனரின் காரை இரவல் பெற்றுத் திருச்சியிலிருந்து புறப்பட்டோம். ஊரும்மாவின் கணவர் கீழக்கரைக்காரர், கொழும்பில் வணிகம் செய்தவர் என்பது மட்டுமே நாங்கள் அறிந்த செய்தி.

கீழக்கரையின் பழைய ஜும்ஆப் பள்ளியை நீங்கள் ஒருமுறையேனும் காண வேண்டும். கல் தூண்களும் பூவேலைகளும் தமிழகத்துச் சிற்பிகளின் கைவண்ணம். உருவம் மட்டும் ஒன்றுகூட இல்லை. உமறுப் புலவரை ஆதரித்த வள்ளல் சீதக்காதி அதன் அருகிலேயே அடங்கியுள்ளார். நிதானமாகப் பார்த்துவிட்டுத்தான் எங்கள் வேலையைத் தொடங்கினோம்.

அங்கே பழைய நிகாஹ் தஃப்தரைப் புரட்டிப் பார்க்க அனுமதி கிடைத்தது. மணமகன், அவர் தந்தை. மணமகள், அவர் தந்தை. தாய்மார்களின் பெயருக்கு அதில் இடமே இல்லை. எங்கள் பாட்டனாரின் பெயரும் காணப்படவில்லை. அருகிலிருந்த முதியவர் ஒருவர் புன்னகைத்தார். "இங்கே நிகாஹ் பதியவில்லையென்றால், வெளியூருக்கு மாப்பிள்ளையாகப் போயிருப்பார், தம்பி. அந்த வீட்டிலிருந்து ஒருவர் காயலுக்குப் போனதாக என் உம்மா சொல்லக் கேட்டிருக்கிறேன். அவர் போன வீட்டைத் தேடுங்கள்."

இவ்விரு ஊர்களின் வழக்கத்தை அறியாதவர்களுக்காக ஒரு சொல்: இங்கே பெண்ணுக்கு மணம் முடிக்கும்போது வீடும் தருவார்கள், மாப்பிள்ளை அவ்வீட்டிற்கு வந்து வாழ்வார். காயல்பட்டினத்தில் பிறந்து, கீழக்கரை தைக்கா சாஹிபின் மகளை மணந்து அங்கேயே தங்கிவிட்ட பேரறிஞர் சையிது முஹம்மது ஆலிம் (1816–1898) அவர்களை 'மாப்பிள்ளை லெப்பை' என்றே உலகம் அறிகிறது. ஆண் ஊர் மாறுகிறார், பெண் நின்ற இடத்தில் நிற்கிறார். அப்படியிருக்க, ஆணின் சுவடு பற்றித் தேடினால் எப்படி அகப்படும்?

தொதல் இரண்டு பொட்டலம் வாங்கிக்கொண்டு கிழக்குக் கடற்கரைச் சாலையில் தெற்கே திரும்பினோம். வாலிநோக்கம் பக்கத்து உப்பளங்களின் வெண்குவியல்களும் சாயல்குடிப் பனங்காடுகளும் கண்ணுக்கு விருந்து. வேம்பாறு, தூத்துக்குடி தாண்டிப் பழையகாயலில் சற்று நின்றோம். பதிமூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் மார்க்கோ போலோ கண்ட 'காயல்' இதுவே என்பார் கால்டுவெல். அரபு நாட்டுக் குதிரைகளை ஏற்றிய கப்பல்கள் வந்த துறை அது. தாமிரபரணி கொணர்ந்த வண்டலால் கடல் விலகிப் போயிற்று. பார்ப்பதற்கு இன்று அதிகமில்லை. இருப்பினும் இறங்கி நின்றது மனத்துக்கு நிறைவாயிருந்தது.

காயல்பட்டினத்தில் பாட்டனாரின் பெயரையும் 'கீழக்கரை மாப்பிள்ளை' என்பதையும் சொல்லிக் கேட்டோம். மறுநாள் லுஹருக்குள் வீடு தெரிந்துவிட்டது. ஊரும்மாவின் தங்கை வழிப் பேத்தி அதில் வாழ்கிறார். என் துணைவியார் உள்ளே சென்றார். நான் முன் அறையில் அமர்ந்தேன். சுவரில் இடுப்பளவுக்கு நீரின் கறை இன்னும் தெரிந்தது. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் 24 மணி நேரத்தில் இவ்வூரில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. தூத்துக்குடி மாவட்டத்தின் ஓராண்டு மழையைவிட அது அதிகம். அலமாரியின் கீழ்த்தட்டிலிருந்த வீட்டுப் பத்திரமும் மஹர்ச் சீட்டும் கூழாகிவிட்டனவாம். பரணில் இருந்த தகரப் பெட்டி மட்டும் தப்பியது.

அதில் ஏழு கடிதங்கள். கொழும்பிலிருந்து பாட்டனார் எழுதியவை. தமிழ் ஒலிகளுக்கெனப் புள்ளி கூட்டிய அரபுத்தமிழ் எழுத்தில் இருந்தன. குர்ஆன் ஓதத் தெரிந்த பெண்கள் தமிழ் எழுத்துப் படியாமலே கணவன் கடிதத்தைத் தாமே படித்தது இவ்வெழுத்தினால்தான். ஒன்றில் ஹிஜ்ரி 1345 என்றிருந்தது. அதனுடன் 622ஐக் கூட்டி 1967 என்று எண்ணிவிடாதீர்கள்; ஹிஜ்ரி ஆண்டு ஏறத்தாழ 11 நாள் குறைவானது. அது 1926–27.

ஏழையும் படித்தேன். அரிசி விலை உண்டு, குழந்தையின் காய்ச்சல் உண்டு, அனுப்பிய துணியின் அளவு உண்டு. மனைவியின் பெயர் ஓரிடத்திலும் இல்லை. எல்லாவற்றிலும் மகளின் பெயரைச் சொல்லி, 'அவள் உம்மாவுக்கு' என்றே விளித்திருந்தார். அன்றைய நாணம் அப்படி!

அப்போது திரைக்கு அப்பாலிருந்து குரல் கேட்டது. அந்த அம்மையார் தம் உம்மா, அவருடைய உம்மா, அவருடைய தங்கை, ராத்தா என்று சூரா ஓதுவதுபோல் வரிசையாகப் பெயர்களைச் சொல்லிக்கொண்டிருந்தார். ஒவ்வொருவருக்கும் எந்த வீடு, எந்த ஊர் மாப்பிள்ளை என்பதும் தடையின்றி வந்தது. 'கீழக்கரை மாப்பிள்ளை' என்று வந்த இடத்தில் என் துணைவியார் நிறுத்தச் சொன்னார். அவர் குரல் தழுதழுத்தது. அல்ஹம்துலில்லாஹ், பெயர் கிடைத்துவிட்டது. (அது எங்கள் வீட்டாருக்குரியது, இங்கே எழுதவில்லை.)

அங்கிருந்தே திருச்சிக்குத் தொலைபேசியில் பேசினோம். மாமியார் அப்பெயரை மும்முறை சொல்லச் சொல்லிக் கேட்டார். பிறகு நெடுநேரம் பேச்சில்லை.

"அந்த வீட்டு முற்றத்தில் ஒரு கிணறு இருக்குமே, இருக்கிறதா?" என்றார்.

இருக்கிறது. மேலே இரும்பு வலை போட்டு மூடியிருக்கிறார்கள்.