பயணம் சொல்லும் இரவு

2022 ஆம் ஆண்டு, எரிபொருள் வரிசைகள் நீண்டு கிடந்த நாட்களில், என் தம்பி மேற்படிப்புக்கென்று அயர்லாந்துக்குப் புறப்பட்டான். கெலிஓயாவுக்கு அப்பாலுள்ள எங்கள் ஊரிலிருந்து அரபு நாடுகளுக்குப் போனவர்கள் நிறையப் பேர். அயர்லாந்து எந்தத் திசையில் இருக்கிறது என்பதே உம்மாவுக்கு விளங்கவில்லை. நானும் ஆசிரியர் கலாசாலையில் படித்த உலகப்படத்தை நினைவில் தேடி, இங்கிலாந்துக்கு மேற்கே என்று சொல்லி வைத்தேன்.

முதல் நாள் இரவு வீடு நிறையச் சனம். சாச்சிமார் வட்டிலப்பம் கொண்டு வந்தார்கள். யாஸீன் ஓதி துஆ கேட்டோம். பிறகு ஒரு மூலையில் இருந்து அழத் தொடங்கிய உம்மா சுபஹு வரைக்கும் நிறுத்தவில்லை.

"இதென்ன உம்மா, மௌத்து வீடு மாதிரி!" என்று எரிந்து விழுந்தேன். பயணம் போகிறவனுக்கு முன்னால் இப்படி அழலாமா என்பது என் கோபம்.

தம்பி டப்ளினிலிருந்து தொலைபேசியில் மழையைப் பற்றிச் சொன்னான். பஸ்ஸிலிருந்து இறங்கும்போது சனங்கள் சாரதிக்கு நன்றி சொல்வதைச் சொன்னான். (நம்மூர் பஸ் நிற்பதற்குள் குதித்துவிட வேண்டும், நன்றி சொல்ல நேரமேது?) அவன் இருக்கும் நாட்டைப் பற்றி நானும் தேடிப் படிக்கத் தொடங்கினேன். அப்போதுதான் அந்த வழக்கத்தைப் பற்றி அறிந்தேன்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் அயர்லாந்துக் கிராமமொன்றிலிருந்து ஒருவர் அமெரிக்காவுக்குக் கப்பலேறுவதென்றால், முதல் நாள் இரவு அயலவர்கள் அந்த வீட்டில் கூடுவார்கள். சாப்பாடு, பாட்டு, ஆட்டம் எல்லாம் நடக்கும். விடியும் நேரத்தில் பெண்கள் ஒப்பாரி வைப்பார்கள். பிரேதத்தைக் கிடத்திக் கண்விழித்திருக்கும் இரவுக்கு என்ன பெயரோ, அதே பெயரைத்தான் இதற்கும் வைத்திருந்தார்கள். 'அமெரிக்க மௌத்து வீடு' என்று தமிழில் சொல்லலாம். போனவர்களில் மிகச் சிலரே திரும்பினார்கள். படித்த புத்தகத்தை மூடிவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா இருந்தேன்.

அவர்களை அப்படி விரட்டியது 1845 இல் உருளைக்கிழங்கில் விழுந்த நோய். அது ஒரு பூஞ்சணத்தின் வேலை என்று 1846 இல் எழுதியவர் பார்க்லி என்ற ஆங்கிலப் பாதிரியார். அப்போது பலர் அதை ஏற்கவில்லை. 1869 இல் நமது கோப்பிச் செடிகளின் இலைகளில் செம்மஞ்சள் தூள் படிந்தபோது, பேராதனைப் பூங்காவின் பொறுப்பாளர் துவைட்ஸ் அந்த இலைகளை அனுப்பியதும் இதே பார்க்லிக்குத்தான். அவர் வைத்த பெயர் ஹெமிலியா வஸ்டாட்ரிக்ஸ். பின்பாதிக்கு நாசகாரி என்று பொருள். இருபது வருடத்துக்குள் கோப்பி போய், மலையெங்கும் தேயிலை வந்தது.

தரம் எட்டுப் பிள்ளைகளைப் பூங்காவுக்கு அழைத்துப் போனபோது இந்தக் கதையைச் சொன்னேன். ஒரு பிள்ளை கேட்டது:

"சேர், அங்க திங்க வேற ஒண்டுமே இல்லியா?"

இருந்தது. அந்தப் பஞ்ச வருடங்களிலும் அயர்லாந்திலிருந்து தானியமும் மாடுகளும் இங்கிலாந்துக்குக் கப்பலேறின. ஏழைக் குடியானவன் விளைவித்த தானியம் நிலக்காரனின் வாடகைக்குப் போனது. அவன் வயிற்றுக்கென்று மிஞ்சியது ஒரு துண்டு நிலத்துக் கிழங்கு மட்டும். அது அழுகியதும் சுமார் பத்து இலட்சம் பேர் செத்தார்கள், அதற்குக் குறையாத தொகையினர் நாட்டைவிட்டுப் போனார்கள். 1841 இல் 81 இலட்சத்துக்கு மேலிருந்த சனத்தொகை 1851 இல் ஏறக்குறைய 65 இலட்சம். வடக்கும் தெற்கும் சேர்த்து எண்ணினாலும், அந்தத் தீவு இன்னும் பழைய தொகையை எட்டவில்லை.

பிள்ளைகள் பேசாமல் நின்றார்கள். அவர்களில் மூன்று பேருடைய வாப்பாமார் அப்போது கட்டாரில்.

தம்பியின் வீட்டுக்கு அடுத்த வீட்டில் ஒரு வயதான பெண் இருக்கிறாராம். அவருடைய ராத்தாமார் இருவர் இளம் வயதில் பொஸ்டனுக்குப் போய் அங்கேயே மௌத்தானவர்கள். தம்பியைக் காணும்போதெல்லாம், "உம்மாவைப் பார்க்க எப்போது போகிறாய்?" என்று கேட்பாராம். இதை அவன் சிரித்துக்கொண்டுதான் சொன்னான்.

உம்மா என் கையிலிருந்து போனை வாங்கினார்.

"அவவுக்கு நான் ஸலாம் சொன்னெண்டு சொல்லு மகன். சரி, நீ எப்ப வார?"

தம்பி டிக்கட் விலையைப் பற்றிப் பேசத் தொடங்கினான்.