கடற்காகத்தின் காலைப் பாருங்கள்

ஸீகல் பறவைக்குத் தமிழில் கடற்காகம் என்று பெயர். வெள்ளைப் பறவைக்குப் போய்க் காகம் என்று பெயரா? மீன் கழிவு, ரொட்டித் துண்டு எதையும் விடாது, கூட்டமாகக் கத்தும். பெயர் பொருத்தம்தான்! காகங்களைப் போலவே இவற்றிலும் ஒன்றை இன்னொன்றிலிருந்து பிரித்துச் சொல்ல முடியாது. நேற்று பார்த்த அதே பறவைதானா இது? அதற்குத்தான் வளையம்.

1899-ல் டென்மார்க்கில் மார்டென்ஸன் என்ற பள்ளி ஆசிரியர், மைனாவுக்கு உறவான ஸ்டார்லிங் பறவைகளின் காலில் எண் பொறித்த அலுமினிய வளையம் மாட்டிப் பறக்கவிட்டார். பிரிட்டனில் 1909-ல் இந்த வேலை தொடங்கியது. ஆனால் ஒரு சிக்கல். எழுத்து ரொம்பப் பொடி. பறவை மறுபடி பிடிபட வேண்டும், இல்லையென்றால் செத்துக் கிடக்க வேண்டும். எங்கே மாட்டினார்கள், எங்கே செத்தது... பெரும்பாலும் இவ்வளவுதான் தெரியும். நடுவில் வாழ்ந்த வாழ்க்கை?

அதைச் சொல்ல வந்ததுதான் பிளாஸ்டிக் வண்ண வளையம். சில எழுத்துகளும் எண்களும் பெரிதாக இருக்கும். தூரத்தில் நின்றே டெலஸ்கோப்பில் படித்துவிடலாம். கடற்காகம் இதற்கென்றே பிறந்த மாதிரி! உடம்பு பெரிது. துறைமுகச் சுவரிலும் மணலிலும் வெகுநேரம் நிற்கும். முப்பது வருடம் தாண்டி வாழ்ந்தவையும் உண்டு. படிப்பவர்கள் பெரும்பாலும் சம்பளம் வாங்காத ஆர்வலர்கள். நிறம், எழுத்து, எந்தக் கால், இடம், தேதி இவற்றை எழுதி அனுப்பினால் போதும்.

இப்படிச் சேர்ந்த குறிப்புகள் என்ன சொல்கின்றன? இங்கிலாந்திலும் நெதர்லாந்திலும் பொரித்த சிறிய கருமுதுகுக் கடற்காகங்களில் பல, குளிர்காலத்தில் ஸ்பெயின், போர்ச்சுகல் கரையோரமாக மொராக்கோ வரை போகின்றன. சில பிரிட்டனிலேயே தங்கிவிடுகின்றன. ஹெர்ரிங் கடற்காகமோ அங்கே பிறந்த கரையை விட்டு அதிக தூரம் போவதில்லை.

இந்த ஹெர்ரிங் கடற்காகம்தான் கையிலிருக்கும் சிப்ஸைப் பிடுங்குகிறது, கூரையில் கூடு கட்டுகிறது என்று பிரிட்டனின் கடற்கரை ஊர்க்காரர்களிடம் திட்டு வாங்குவது. 2009-ல் அதையே அழிவு அபாயத்துக்கான சிவப்புப் பட்டியலில் சேர்த்தார்கள். எங்கே பார்த்தாலும் கண்ணில் படும் பறவை குறைகிறது என்றால் யார் நம்புவார்கள்? தலைகளை எண்ணினால் குறைவது மட்டும்தான் தெரியும். பெரியவை சாகின்றனவா, குஞ்சுகள் பிழைப்பதில்லையா, இடம் மாறிவிட்டனவா என்பதை வளையம்தான் சொல்லும். இன்று ஜி.பி.எஸ். கருவிகள் வந்துவிட்டன, உண்மைதான். ஆனால் அவை விலை அதிகம், சில பறவைகளுக்கே மாட்ட முடியும். வளையத்தை ஆயிரக்கணக்கில் மாட்டலாம்.

நம் கோடியக்கரைக்குக் குளிர்காலத்தில் வரும் பழுப்புத்தலைக் கடற்காகங்களும் மத்திய ஆசியாவின் உயரமான ஏரிகளில் பிறந்தவைதான். மும்பை இயற்கை வரலாற்றுக் கழகம் அங்கே பல வருடங்களாகப் பறவைகளுக்கு வளையம் மாட்டியிருக்கிறது. அடுத்த முறை கடற்கரைக்குப் போனால் சுண்டலை முடித்துவிட்டுக் கொஞ்சம் பறவைகளின் காலையும் பாருங்கள். வளையம் தெரிந்தால் குறித்து அனுப்புங்கள். யாரும் படிக்காத வளையம் வெறும் பிளாஸ்டிக் துண்டுதானே!