டீச்சர் தந்த புத்தகம்

எங்கள் ஊர்த் தமிழ்ப்பள்ளியில் திங்கட்கிழமை சபைகூடல் என்றால், 'நெகாராகூ' பாடி, தலைமையாசிரியர் பேசி, கட்டொழுங்கு ஆசிரியர் நகம் பார்த்து முடிப்பதற்குள் வெயில் ஏறிவிடும். அதன் பிறகு மூன்று நிமிடம் நூலகச் செய்தி. ஐந்தாம் ஆண்டில் அதை வாசிக்கும் பொறுப்பு எனக்கு வந்தது. இன்று வானொலியில் பேசிப் பிழைக்கிறேன். என் முதல் ஒலிவாங்கி அதுதான்.

நூலகம் என்று பெரிதாகச் சொல்லிக்கொள்ள ஒன்றுமில்லை. ஒரு வகுப்பறையில் பாதி. மூன்று இரும்பு அலமாரி. உள்ளே நூல் போட்டுத் தைத்த பழைய அம்புலிமாமா இதழ்கள், வாண்டுமாமா கதைகள், அழ. வள்ளியப்பா பாடல்கள், மலாய்க் கதைப்புத்தகங்கள். கணக்குப் பாடம் எடுத்த ஆசிரியைதான் நூலகத்தையும் பார்த்துக்கொண்டார். எங்களுக்கு அவர் வெறும் 'டீச்சர்'.

முதல் வாரம், "இது மிகவும் நல்ல புத்தகம். எல்லோரும் படித்துப் பயன்பெறுங்கள்" என்று எழுதிக்கொண்டு போனேன். டீச்சர் சிவப்புப் பேனாவால் ஒரு கோடு இழுத்தார்.

"எல்லாருக்கும்னு சொன்னா யாரும் எடுக்க மாட்டாங்கம்மா. இது யாருக்குன்னு சொல்லு."

அடுத்த வாரம், "இது, ராத்திரியில் வெளியே போகப் பயப்படுகிறவர்களுக்கு" என்று வாசித்தேன். ஓய்வு நேரத்தில் நான்கு பையன்கள் அலமாரி முன் நின்றார்கள். நான்கு பேரும் "தங்கச்சிக்கு" என்று சொல்லித்தான் கேட்டார்கள்.

கல்வியமைச்சின் நிலாம் வாசிப்புத் திட்டம் நினைவிருக்கிறதா? படித்த புத்தகத்தின் தலைப்பு, எழுதியவர் பெயர், கதைச்சுருக்கம் எல்லாம் ஒரு பதிவேட்டில் எழுதவேண்டும். எங்களில் பாதிப் பேர் பின்னட்டையைப் பார்த்து எழுதுகிறவர்கள். டீச்சர் கையெழுத்துப் போடுமுன் ஒரே ஒரு கேள்வி கேட்பார்: "இதை யாருக்குக் கொடுப்பே?" படிக்காதவன் அங்கேயே மாட்டிக்கொள்வான்.

சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன் 1931இல் நூலகத்துக்கு ஐந்து விதிகள் வகுத்தார். ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்குரிய புத்தகம் கிடைக்கவேண்டும்; ஒவ்வொரு புத்தகத்துக்கும் அதற்குரிய வாசகர் கிடைக்கவேண்டும் என்ற கருத்து அவற்றில் உண்டு. ஊடகக் கல்வி படித்தபோதுதான் இதைத் தெரிந்துகொண்டேன். டீச்சர் இதைத்தான் எங்களிடம் கேட்டுக்கொண்டிருந்தார் என்று அப்போது புரிந்தது.

எங்கள் ஊர் தஞ்சோங் ரம்புத்தான். பெயரைப் படித்ததும் உங்களில் சிலருக்கு உதட்டோரம் ஒரு சிரிப்பு வந்திருக்கும். எனக்கு அது பழகிய சிரிப்பு. 1911இல் இங்கே மனநல மருத்துவமனை திறக்கப்பட்டது. இன்று அதன் பெயர் பஹாகியா உலு கிந்தா மருத்துவமனை. மலாயில் 'பஹாகியா' என்றால் மகிழ்ச்சி. நூறு ஆண்டுகளுக்கு மேலாகியும் நம் நாட்டில் எங்கள் ஊர்ப்பெயர் ஓர் ஏச்சுச் சொல்லாகத்தான் இருக்கிறது.

என் அம்மா அந்த மருத்துவமனையின் சலவைப் பிரிவில் இருபது வருடத்துக்கு மேல் வேலை செய்தவர். முதலாம் படிவத்துக்கு ஈப்போவுக்குப் போன முதல் நாளே "எந்த ஊரு?" என்று கேட்டார்கள். சொன்னேன். வகுப்பே சிரித்தது. மறுநாள் முதல் எனக்கு ஊர் ஈப்போ. அம்மாவுக்கு 'அரசாங்க வேலை'. இரண்டும் பொய்யில்லை என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

மூன்று ஆண்டுகளுக்கு முன், ஒரு காலை நிகழ்ச்சி. நேயர் ஒருவர் மாமியாரோடு நடந்த சண்டையைச் சிரிக்கச் சிரிக்கச் சொன்னார். நான் விடவில்லை. "இப்படியே போனா உங்க ரெண்டு பேரையும் தஞ்சோங் ரம்புத்தானுக்குத்தான் அனுப்பணும்!" என்றேன். உடன் அறிவிப்பாளர் மேசையைத் தட்டிச் சிரித்தார். புலனத்தில் சிரிப்புப் பொம்மைகள் குவிந்தன. அன்றைக்கு நிகழ்ச்சி நல்ல 'ஹிட்'.

மதியம் டீச்சரிடமிருந்து ஒரு செய்தி வந்தது. அவர் பணி ஓய்வு பெற்றுப் பல வருடமாகிறது.

"இந்த வார நூலகச் செய்தி. எம்.வி. வெங்கட்ராம் எழுதிய 'காதுகள்'. இது, மற்றவர் காதில் பேசிப் பிழைக்கிறவர்களுக்கு. அஞ்சலில் அனுப்புகிறேன். தவணை இரண்டு வாரம்."

அவ்வளவுதான். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

'காதுகள்' 1993இல் சாகித்திய அகாதெமி விருது பெற்ற நாவல். மகாலிங்கம் என்கிற குடும்பஸ்தனின் காதுக்குள் குரல்கள் கேட்கத் தொடங்குகின்றன. அவை ஏசுகின்றன, கேலி செய்கின்றன, ஓயவே மாட்டேன் என்கின்றன. அவன் அந்த இரைச்சலோடுதான் பிழைப்பைப் பார்க்கவேண்டும், மனைவி மக்களோடு வாழவேண்டும். கும்பகோணத்துக்காரரான வெங்கட்ராம் சொந்த வாழ்க்கையில் பட்டதிலிருந்து எழுதிய கதை இது. சுலபமாகப் படிக்கமுடியாது. நான் பல இடங்களில் மூடி வைத்துவிட்டு எழுந்து போனேன். நான் சிரித்தபடி 'அனுப்பிவைத்த' ஆள் யார் என்று முதன்முறையாகத் தெரிந்தது.

படித்து முடித்த இரவு அம்மாவைக் கூப்பிட்டேன்.

"அம்மா, அன்னைக்கு நான் பேசினத கேட்டீங்களா?"

"கேட்டேன். ரேடியோவ அடைச்சிட்டேன்."

கொஞ்ச நேரம் கழித்து அவரே தொடர்ந்தார். "நான் வேலை செஞ்சப்ப துணி மடிக்க வார்டுலேர்ந்து சில அம்மாங்க வருவாங்க. ரேடியோ பாடிக்கிட்டே இருக்கும். ஒரு அம்மா அறிவிப்பாளர் 'வணக்கம்' சொன்னா, கையிலிருக்கிற துணிய வச்சிட்டு திருப்பி வணக்கம் சொல்லும். இப்பவும் அங்க யாராச்சும் கேப்பாங்க இல்ல?"

அம்மா தம் வேலையைப் பற்றிப் பேசும்போது ஒருமுறைகூடப் 'பைத்தியம்' என்று சொல்லி நான் கேட்டதில்லை. 'வார்டுல இருக்கறவங்க' என்பார். நானோ சொல்லைத் தேர்ந்தெடுத்துப் பேசச் சம்பளம் வாங்குகிறவள்.

அடுத்த வாரம் ஒலிவாங்கி முன் உட்கார்ந்து, "நான் தஞ்சோங் ரம்புத்தான்காரி. என் அம்மா அங்குள்ள மருத்துவமனையில் துணி துவைத்து என்னைப் படிக்கவைத்தார். போன வாரம் நான் சொன்ன நகைச்சுவைக்கு மன்னிப்புக் கேட்கிறேன்" என்றேன். பிறகு புத்தகத்தைப் பற்றி மூன்று நிமிடம் பேசினேன். பெரிதாக ஒன்றும் நடந்துவிடவில்லை. "காலையிலேயே ஏன் இவ்வளவு சீரியஸ்?" என்று ஒருவர் எழுதினார். ஒருவர் மட்டும், "புத்தகத்தின் பெயரை இன்னொரு முறை சொல்லுங்கள். என் அண்ணனுக்கு" என்று கேட்டிருந்தார்.

தவணை முடியும் நாளில் புத்தகத்தை நேரில் கொண்டுபோனேன், அம்மாவையும் அழைத்துக்கொண்டு. டீச்சர் தேநீர் கலக்கிவந்தார். அம்மாவும் அவரும் என்னை மறந்துவிட்டு ஊர்க்கதை பேசினார்கள். புறப்படும்போது புத்தகத்தை நீட்டினேன். டீச்சர் வாங்கவில்லை.

"இதை யாருக்குக் கொடுப்பே?"

முப்பது வயதைத் தாண்டியும் அந்தக் கேள்விக்கு நாக்கு உலர்ந்தது. ஆனால், இம்முறை பதில் இருந்தது. மறுநாள் காலை, அன்று மேசையைத் தட்டிச் சிரித்த என் உடன் அறிவிப்பாளரிடம் கொடுத்தேன்.

"தவணை இரண்டு வாரம்" என்று சொல்லித்தான்.