தட்டைத் தள்ளி வைத்தவர்கள்

கண்ணுகளா, ஓசூர்ப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் சத்துணவு அமைப்பாளராக இருந்தவள் நான். எம்.ஜி.ஆர். 1982இல் அந்தத் திட்டத்தைத் தொடங்கிய சில வருசத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். சாப்பிடாத பிள்ளையை அதட்டினால் சாப்பிடும் என்று ரொம்ப நாள் நம்பியிருந்தேன்.

ஒண்ணாம் வகுப்பில் ஒருத்தி சோற்றை ஒதுக்கிவிட்டுப் பல்பத்தைக் கடிப்பாள். நாக்கு வெள்ளையாக இருக்கும், சுவர்ச் சுண்ணாம்பு நகக்கண்ணில் அப்பியிருக்கும். கையில் ரெண்டு போட்டேன். இன்றைக்கும் உறுத்துகிறது. மண், பல்பம், சாம்பல் என்று தேடித் தின்பதை மருத்துவர்கள் பைக்கா என்கிறார்கள். பல நேரம் ரத்தசோகை கூடவே இருக்கும். பிள்ளைத்தாய்ச்சிக்கு இப்படி ஆசை வந்தாலும், மசக்கை என்று சிரித்து விட்டுவிடாமல் ரத்தத்தைச் சோதித்துப் பாருங்கள்.

வயசுப் பெண்ணுக்கு வருவது வேறு. என் பேத்தி கம்பெனி வேலைக்குப் போய் விடுதியில் தங்கியிருந்தாள். லீவில் வந்தவள் ஒரு தோசையை நகக்கண் அளவுக்குப் பிய்த்துப் பிய்த்துத் தட்டின் ஓரத்தில் ஒதுக்கினாள். “வயிறு எரியுது பாட்டி” என்றாள். சாப்பிட்டதும் குளியலறையில் குழாய் திறக்கும் சத்தம் கேட்கும். விரல் மூட்டில் தழும்பு. மூணு மாசமாகத் தூரமும் வரவில்லை. வாந்தியை வரவழைக்க விரல் விடும்போது பல் பட்டு விழும் தழும்பு அது. 1979இல் லண்டன் மருத்துவர் ஜெரால்டு ரசல் இதையெல்லாம் எழுதி வைத்திருக்கிறார். அடிக்கடி வாந்தி எடுத்தால் உடம்பில் பொட்டாசியம் குறைந்து இதயத் துடிப்பே தாறுமாறாகலாம், உயிரும் போகலாம்.

இந்த நோய் வந்தாலும் நம் பெண்கள் “குண்டாகிடுவேன்” என்று சொல்லாமலும் இருப்பார்கள். டில்லி எய்ம்ஸ் மருத்துவர்கள் 1995இல் ஐந்து இளம்பெண்களைப் பற்றி அப்படித்தான் எழுதினார்கள்: சாப்பாட்டை மறுத்தார்கள், வாந்தி எடுத்தார்கள், மெலிந்தார்கள், உடம்பு பெருத்திருக்கிறது என்ற எண்ணம் மட்டும் இல்லை. அதனால் வயிற்று மாத்திரையோடு நின்றுவிடாதீர்கள்.

நைட் ஷிப்ட் முடிந்து வந்து, பசியே இல்லாமல், யாரும் பார்க்காதபோது வயிறு வலிக்கும்வரை அள்ளித் தின்றுவிட்டு அவமானத்தில் குமைகிற ஆண்களும் உண்டு. அது பெருந்தீனி அல்ல, நோய்.

கடைசியில் என் அம்மா. அப்பா போன பிறகு இட்லியை முந்தானையில் மடித்துக்கொண்டுபோய் மாட்டுக்குப் போட்டாள். வயசானால் அப்படித்தான் என்று விட்டுவிட்டோம். பல்செட் லொடலொடத்தது, மாத்திரைகள் பசியைக் கெடுத்தன. எல்லாவற்றுக்கும் மேலே, எதிரில் உட்கார்ந்து சாப்பிட ஆளில்லை. அவளுக்கு மனச்சோர்வு என்பது எங்களுக்குப் பிந்தித்தான் தெரிந்தது.

பேத்தி இப்போது தேறி வருகிறாள். பெங்களூர் நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனை ஓசூர் சாலையிலேயே, நமக்கு 40 கிலோமீட்டருக்குள் இருக்கிறது. போக முடியாதவர்கள் 14416க்குப் போன் போடுங்கள். டெலி மானஸ் என்ற அரசு மனநலச் சேவை அது. காசில்லை, இரவு பகல் எந்நேரமும் தமிழில் பேசலாம். விடுதியில் பக்கத்துக் கட்டில்காரி தட்டைத் தொடாமல் எழுந்தால் திட்டாதீர்கள் கண்ணு. கூட உட்காருங்கள், கேளுங்கள், மருத்துவரிடம் கூட்டிக்கொண்டு போங்கள்.