சுழலிக்கு ஒரு மூச்சுக்குழாய்

கார் எஞ்சினை விமானத்தில் பொருத்துவது அறிவீனம் என்று சொல்பவர்கள் உண்டு. அவர்களில் பலர் தேர்ந்த விமானிகள் என்பதால் அக்கூற்றை எளிதில் ஒதுக்கிவிடவும் முடியாது. வேலை நிமித்தம் நான் ஒஹையோவில் இருந்த ஆண்டுகளில், பக்கத்து வீட்டு முதியவர் தம் வாகனக் கொட்டகையில் ஆர்வி-6 என்னும் இருவர் அமரும் விமானத்தைத் தாமே கட்டிக்கொண்டிருந்தார். கடைசல் பட்டறையில் வாழ்நாளைக் கழித்தவர். புதிய விமான எஞ்சின் வாங்க அவரிடம் பணமில்லை. பழைய மஸ்தா காரிலிருந்து கழற்றிய 13பி வான்கெல் எஞ்சின் இருந்தது.

சுழல் எஞ்சின் என்றதும் முதல் உலகப்போர்க் கால விமானங்கள் சிலருக்கு நினைவு வரலாம். அவற்றில் சிலிண்டர்கள் எல்லாம் சேர்ந்து சுழலும். இது வேறு. ஃபெலிக்ஸ் வான்கெல் என்ற ஜெர்மானியரின் பெயர் தாங்கிய இவ்வெஞ்சினில், இடுப்பு சற்றே ஒடுங்கிய நீள்வட்ட அறைக்குள் முக்கோணச் சுழலி ஒன்று உருள்கிறது. பிஸ்டன் இல்லை, வால்வு இல்லை. முனைகளில் உள்ள மெல்லிய அடைப்புத் துண்டுகள்தாம் இதன் பலவீனம். அவை அறைச்சுவரில் விட்ட கீறல்களைப் பிசாசின் நகக்குறி என்று அழைத்த ஹிரோஷிமாப் பொறியாளர்கள் பல ஆண்டுகள் போராடி, 1967இல் காஸ்மோ காரை வெளியிட்டார்கள்.

முதியவருக்கு வாய்த்த சிக்கல் அடைப்புத் துண்டு அன்று, காற்று. எஞ்சினுக்குள் காற்றைக் கொண்டுசேர்க்கும் இன்டேக் மேனிஃபோல்ட் காரில் எஞ்சினின் தலைக்கு மேல் வளைந்து நிற்கும். விமான மூக்கின் மூடிக்குள் அதற்கு இடமில்லை. போதாக்குறைக்கு, செஞ்சூடான புகைக்குழாயும் எஞ்சினின் அதே பக்கத்தில்தான் இருக்கிறது. எனவே நான்கு அலுமினியக் குழாய்களை வளைத்துப் புதிதாகச் செய்தாக வேண்டும். நடுத்தகட்டில் இரண்டு வாய்கள், முன்பின் தகடுகளில் ஒவ்வொன்று.

குழாயின் நீளத்தை இடவசதி மட்டும் தீர்மானிப்பதில்லை என்பதை அங்குதான் அறிந்தேன். ஒரு சுழலியின் வாய் திறக்கும் கணத்தில், உள்ளே எஞ்சிய புகை குழாய்க்குள் ஓர் அழுத்த அலையை எழுப்புகிறது. அந்த அலை ஒரு குழாயில் ஏறி மறு குழாயில் இறங்கி, அடுத்த சுழலியின் வாய் மூடுவதற்குச் சற்றுமுன் போய்ச் சேர்ந்தால், கூடுதலாக ஒரு கவளம் காற்று உள்ளே தள்ளப்படும். 1980களின் ஆர்எக்ஸ்-7 கார்களில் இவ்வுத்தி இருந்தது. நிமிடத்துக்கு 6000 சுற்று எனில் ஒரு சுற்றுக்கு 10 மில்லி விநாடி. அந்தத் திறப்புக்கும் மூடலுக்கும் நடுவே கால் சுற்றுக்குச் சற்று அதிகம், ஏறத்தாழ 2.7 மில்லி விநாடி. அதற்குள் ஒலி கடக்கும் தொலைவு சுமார் 90 சென்டிமீட்டர். பழைய உறை ஒன்றின் பின்புறம் பென்சிலால் இதைப் போட்டுக் காட்டினார். கார் எல்லா வேகத்திலும் ஓடவேண்டும். விமான எஞ்சினோ பெரும்பாலும் ஒரே வேகத்தில் ஓடுவது. பல்சக்கரப் பெட்டி அதை விசிறிக்கு ஏற்ப 2700 அளவுக்குக் குறைத்துவிடும். ஆக, ஒரே நீளம் போதும். 1991இல் லெ மான் பந்தயத்தை வென்ற மஸ்தா 787பி காரில் ஓட்டத்தின்போதே நீண்டு குறுகும் குழாய்கள் இருந்தன. அந்த ஆடம்பரம் நமக்கெதற்கு என்றார்.

வெல்டிங்கில்தான் வாரங்கள் கழிந்தன. எஞ்சினோடு பொருந்தும் தடித்த தகடு சூட்டில் கோணிக்கொண்டது. கண்ணாடிப் பலகைமேல் உப்புத்தாளை விரித்துத் தகட்டைத் தேய்த்துத் தேய்த்துச் சமன் செய்தோம். வாய்களை அடைத்து, உள்ளே சிறிது காற்றேற்றி, சோப்பு நீர் தடவியபோது மூன்றாம் குழாயின் மூட்டில் கடுகளவு குமிழ் ஒன்று எழுந்தது. கடுகுதானே என்று விட முடியாது. அவ்வழியே திருட்டுக்காற்று நுழைந்தால் கலவையில் எரிபொருள் குறையும். குறைந்தால் அகால வெடிப்பு. அடைப்புத் துண்டு உடையும். காரானால் சாலையோரம் நிறுத்தலாம். மூட்டை அராவியெடுத்து மீண்டும் பற்றவைத்தார். தகடு மீண்டும் கோணியது, மீண்டும் தேய்த்தோம்.

குழாய்த் தொகுதியின் கனத்தைத் தாங்க ஒரு முட்டுக்கொடுக்க வேண்டியிருந்தது. விமானச் சட்டத்தோடு சேர்த்துக் கட்டலாமே என்றேன். எஞ்சின் ரப்பர் தாங்கிகளில் ஆடுவது, சட்டம் ஆடாதது, இரண்டுக்கும் இடையே மாட்டினால் வெல்டிங் விரிசல் விடும் என்று விளக்கி, எஞ்சின் உடலிலேயே முட்டைப் பொருத்தினார்.

ஒருநாள் காபி கொண்டுவந்த அவர் மனைவி, அவர் காதுபட, "நீங்கள் இதில் ஏறுவீர்களா?" என்று என்னைக் கேட்டார். இத்தகைய எஞ்சினுக்கு முதல் 40 மணி நேரச் சோதனைப் பறத்தலில் பயணி யாரும் ஏறக்கூடாது என்பது அன்றைய விதி. அதைச் சொல்லித் தப்பித்தேன். அந்த அம்மையார் சிரிக்கவில்லை. "நாற்பத்தொன்றாவது மணியில்?" என்றார்.

முதியவர் தலை நிமிராமல் நான்காவது குழாயின் மூட்டில் சோப்பு நீர் தடவிக்கொண்டிருந்தார். குமிழ் எதுவும் எழவில்லை. தூரிகையை மறுபடி தோய்த்து, அதே இடத்தில் இன்னொரு முறை தடவினார்.